ஸ்ரீ போட்டு நின்ற கம்ப்யூட்டர்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில், நானும் என் தோழியும் கம்ப்யூட்டரில் புடவைக் கரை வரையக் கிளம்பினோம். அவள் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். நான் செவிலிமேட்டிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள். துணிச்சலில் இருவரும் ஒரே சாதி. கம்ப்யூட்டர் மட்டும் எங்களுடையது இல்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வியாபாரம் செய்த என் பெரியப்பா மகன், ஓட்டிப் பாருங்கள் என்று விட்டுப் போயிருந்தார். சனிக்கிழமைக்குள் ஒரு ஆர்டர்கூட வராவிட்டால் சாயங்காலம் வந்து தூக்கிப் போய்விடுவார். வந்தது ஒரே ஒருவர், அதுவும் அந்தச் சனிக்கிழமை காலையில்.

அவர் ஒரு பட்டு முதலாளி. மகளின் முகூர்த்தப் புடவைக்கு மாங்காய்க் கரை. நிறத்தில்தான் வீட்டில் தகராறு. நூலுக்குச் சாயம் போடும் முன்பே திரையில் நிறத்தைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தோம். அதை நம்பாமலேதான் மாடி ஏறி வந்தார்.

ஸ்விட்சைப் போட்டேன். திரை முழுக்க நட்சத்திரக் குறிகளால் ஒரு பெரிய நாமம் வந்தது. அதன் கீழே மினுக்கும் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்! டிசைன் புரோகிராம் வரவில்லை. அதன் பெயரை அடித்துப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது.

"இன்னாம்மா, வந்ததும் வராததுமா நாமம் போட்டுடுச்சு?" என்றார் முதலாளி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னடி பண்ணி வச்ச?" என்று தோழியின் காதில் சீறினேன்.

அன்றைய டாஸ் கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் ஒரு கோப்பைத் திறக்கும். அதில் உள்ள கட்டளைகளை மேலிருந்து வரி வரியாகச் செய்யும். புரோகிராம் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி, மவுஸை எழுப்ப ஒரு வரி, கடைசியில் எங்கள் டிசைன் புரோகிராம். முந்தின நாள் சாயங்காலம் அவள் அந்தக் கோப்பின் தலையில் SRI என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அதே பெயரில், நாமம் வரைகிற இன்னொரு குட்டிக் கோப்பும் எழுதியிருந்தாள். மளிகைச் சீட்டாக இருந்தாலும் மேலே ஸ்ரீ போடாமல் அவள் வீட்டில் பேனா நகராது. குட்டிக் கோப்பு நாமத்தை வரைந்ததோடு சரி, முதல் கோப்பின் மிச்ச வரிகளைக் கம்ப்யூட்டர் தொடவே இல்லை.

"அந்த வரியைத் தூக்கு."

"மாட்டேன். ஸ்ரீ இல்லாம நான் எதையுமே ஆரம்பிச்சதில்லடி. அதுவும் முதல் ஆர்டருக்கா?"

முதலாளி செருப்பைத் தேட ஆரம்பித்தார். "அண்ணா, ஒரே நிமிஷம்ணா!" என்று வாசலை மறித்து நின்றேன். அவள் நகத்தைக் கடித்தபடி கோப்பையே முறைத்தாள். சட்டென்று துள்ளினாள். கம்ப்யூட்டர் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது! ஒரு கோப்பு இன்னொரு கோப்பை வெறும் பெயரால் ஓட்டினால் வேலை திரும்பி வராது. முன்னால் CALL என்று போட்டால்தான் முடித்துவிட்டுத் திரும்பும். நான்கு எழுத்துகளைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள்.

நாமம் வந்தது. அதன் கீழே ஒரு வரி, இன்னொரு வரி, மவுஸ் வந்துவிட்டது, டிசைன் புரோகிராம் பளிச்சென்று திறந்தது! நான் "அல்லேலூயா" என்று கத்தினேன், அவள் "நாராயணா" என்றாள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அரக்கு, மயில் கழுத்து, பாக்கு என்று மாங்காய்க் கரை கண் எதிரே நிறம் மாறியது.

"எத்தையும் அணைச்சிடாதீங்கமா. சம்சாரத்தையும் பொண்ணையும் இட்டுக்கினு வரேன்" என்று ஓடினார்.

சாயங்காலம் அவர்கள் மூவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நிறத்துக்கு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது, பெரியப்பா மகன் காலி அட்டைப் பெட்டியோடு மாடி ஏறி வந்தார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்: "இப்போ அணைக்க முடியாதுண்ணா."