கார்த்திகைக் கடலில் பேர் சொன்னோம்

முருகேஸ்வரியோடு டூர் போவதற்கு வீட்டில் காய்ச்சலில் படுத்துக் கிடக்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவேன். சொல்லிவிட்டு, ஒவ்வொரு வருஷமும் ஊர்க்காவலன் ஓட்டுகிற கம்பெனி வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் இடம் பிடிப்பவளும் நான்தான். பஞ்சம்மாளுக்கு வாய்தான் பெரிசு என்று ஷெட்டில் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முருகேஸ்வரி யார் என்று கேட்டால், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற ஷெட்டுக்கு அவள்தான் மேஸ்திரி. ஒல்லிக்குச்சி உடம்பு. குரல் மட்டும் நாலு பேருக்கு உண்டானது. காலையில் வேலைக்கு வரும் ஒவ்வொருத்தி தலையிலும் கைவிட்டுத் துழாவி ஹேர்பின் இருக்கிறதா என்று பார்ப்பாள். இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால் அது கம்பெனிச் சட்டம், சரி. திருச்செந்தூர்க் கோயில் வரிசையில் நிற்கும்போதும் என் கொண்டைக்குள் விரலை விட்டால் கோபம் வருமா வராதா? கை பழகிவிட்டது என்பாள். அவளுடைய உடம்பு முழுக்கவே அப்படித்தான் பழகியிருந்தது.

மற்றவர்கள் கடலுக்குப் போவது மே மாதப் பள்ளி லீவில். இல்லாவிட்டால் கடல் அடங்கிக் கிடக்கும் மாசியில். எங்களுக்கு அப்போதெல்லாம் ஆர்டர் கழுத்தை நெரிக்கும். குற்றாலத்துச் சாரல் காலத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருப்போம். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கவே அரை நாள்தான் தருவார்கள். தீபாவளி முடிந்து கம்பெனியை இழுத்துச் சாத்தினால்தான் எங்கள் சீசன். அது அடைமழைக் காலம், கடலுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும் காலம். ஆனாலும் அந்த ஒரு நாளுக்காகப் பெட்டிக்குள் மடித்து வைத்த பளபளச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். வேலைக்கு நூல் சேலைதான் கட்ட வேண்டும், மற்றது உரசலில் தீப்பிடிக்கும். அதனால் டூர் என்றாலே பாதிச் சந்தோஷம் அந்தச் சேலையில்தான்.

போன கார்த்திகையில் போன டூரில் புதிதாக ஒருத்தி இருந்தாள். கற்பகவல்லி. பிளஸ் டூ முடித்துவிட்டு அந்த வருஷம்தான் ஷெட்டுக்கு வந்தவள். எங்களோடு வேலை பார்த்துச் செத்துப்போன அருணாதேவியின் மகள். அம்மா உட்கார்ந்த அதே வாசலோர இடத்தில்தான் உட்கார்ந்தாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் அப்பா இசக்கிப்பாண்டி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன் மதினி என்று முருகேஸ்வரியிடம் இரண்டு தடவை சொன்னார். முருகேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினாள்.

பார்க்க முடியாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஷெட்டில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அருணா செத்த அன்று பக்கத்து வெடிமருந்து அறையில் ‘தொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் வெடி செய்கிறவர்கள், வெடிச் சத்தத்துக்குப் பயப்பட மாட்டோம். ஆனால் மூடிய அறைக்குள் அமுங்கிக் கேட்கும் அந்தத் ‘தொப்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எலும்புக்குள் தண்ணீர் ஓடும். வாசலோரத்தில் இருந்த அருணா முதல் ஆளாக வெளியே ஓடி வேப்பமரத்தைத் தொட்டுவிட்டாள். உள்ளே கடைசியில் இருந்த முருகேஸ்வரியின் முந்தானை அட்டைப்பெட்டி அடுக்கில் மாட்டிக்கொண்டது. பயத்தில், “அருணா!” என்று அலறினாள். வேறு யார் பேரும் வாயில் வரவில்லை. அத்தனை சிநேகிதம். அருணா திரும்பி ஓடி வந்தாள். அதற்குள் இவள் சேலையைக் கிழித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டாள். அருணா நுழைந்த முன்வாசலில் தீ விழுந்தது.

அதற்குப் பிறகு முருகேஸ்வரி ஷெட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். தினமும் காலையில் சொல்லுவாள், எங்களுக்குக் காது புளித்துப்போகும். சத்தம் கேட்டால் சுவர் இல்லாத பக்கமாக ஓடு. பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. நானே கூப்பிட்டாலும் திரும்பாதே. ஓடி முடித்து மரத்தடிக்கு வந்த பிறகு பேர் சொல்லு. உள்ளேயிருந்து வாசல் வரை உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே ஒவ்வொருத்தியும் தன் பேரைக் கத்த வேண்டும். முதல் பேர் முருகேஸ்வரி. கடைசிப் பேர் வாசலோரத்துக்காரி. கடைசிப் பேர் வந்தால்தான் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். மாதம் தவறாமல் ஒத்திகை நடக்கும். தூக்கத்தில் எழுப்பினாலும் யாருக்கு அடுத்து யார் என்று சொல்லுவோம்.

இந்தச் சட்டம் எதற்கு வந்தது என்று கற்பகவல்லிக்கு மட்டும் தெரியாது. அம்மாவுக்கு ஓட முடியாமல் போய்விட்டது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டோம். என் வாயையே பொத்தி வைத்தாள் முருகேஸ்வரி என்றால் பாருங்கள்.

சாமி கும்பிட்டுவிட்டு, திருச்செந்தூரைத் தாண்டிக் கூட்டமில்லாத ஒரு மீன்காரர்கள் ஊரில் வேனை நிறுத்தினோம். படகுகளையெல்லாம் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், முழங்காலுக்கு மேல் போகாதீர்கள் என்றாள். கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு தெரிந்தது. கரைக்கும் அதற்கும் நடுவில் பள்ளம் இருக்கிறதாம், திட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமாம், கடல்மட்டம் ஏறுகிற நேரம் என்றாள். முருகேஸ்வரி உடனே ஆளாளுக்கு எல்லை கட்டிவிட்டாள். கற்பகவல்லியின் கையை அவள் விடவேயில்லை. நான்தான், பிள்ளையைக் கொஞ்சம் விடேன், கடல் பார்க்க வந்திருக்கிறாளா உன் கையைப் பார்க்க வந்திருக்கிறாளா என்று கேட்டேன். கையை விட்டாள்.

நல்ல அலை. பாலம்மாள் அந்த வயதில் குழந்தை மாதிரி தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கற்பகவல்லி அலை வரும்போதெல்லாம் குதித்தாள், சிரித்தாள், உப்பை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினாள். எனக்கு அருணா ஞாபகம் வந்தது.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால், ஊருக்குள்ளிருந்து, ‘தொப்’ என்று ஒரு சத்தம்.

“ஓடுங்க!” என்றாள் முருகேஸ்வரி.

யோசித்தா ஓடினோம்? கால்தான் ஓடியது. பின்னால் ஊர், வீடு, சுவர். முன்னால் வெட்டவெளி. சுவர் இல்லாத பக்கமாக ஓடினோம். கடலுக்குள் ஓடினோம். எல்லாரும்தான், முருகேஸ்வரியும்தான். தண்ணீர் இடுப்புக்கு ஏறி ஒரு அலை வாயில் அறைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதே நேரத்தில் ஊருக்குள் சரவெடி படபடவென்று வெடித்தது. யார் வீட்டிலோ கல்யாணம். முதலில் கேட்டது ஏதோ சுவருக்குப் பின்னால் போட்ட ஒற்றை வெடி. எங்கள் பக்கத்துச் சரக்காகத்தான் இருக்கும், வேறு எங்கிருந்து போகிறது? ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கரைக்குத் தடுமாறினோம். பாலம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் கற்பகவல்லியைக் காணோம்.

அவள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். சின்னக் கால், வேகமான கால். பள்ளத்தை எப்படியோ தாண்டித் திட்டில் ஏறியிருந்தாள். அதிலும் நிற்கவில்லை. அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

முருகேஸ்வரி கூப்பிட்டாள். ஆனால் அவள் கூப்பிட்ட பேர் வேறு.

“அருணா! ஏட்டி அருணா! நில்லுட்டி!”

பிள்ளை திரும்பவில்லை. நானும் கற்பகம், கற்பகம் என்று கத்தினேன். எல்லோரும் கத்தினோம். ஒரு தடவை நின்றாள், தோள் அசைந்தது, ஆனாலும் திரும்பாமல் இன்னும் முன்னே போனாள். எங்கே திரும்புவாள்? யார் கூப்பிட்டாலும் திரும்பாதே என்று தினமும் அவள் மண்டைக்குள் ஏற்றி வைத்திருக்கிறோமே. கூப்பிடக் கூப்பிட அவள் தூரமாகத்தான் போனாள். தண்ணீர் அவள் மார்புக்கு வந்துவிட்டது. கருவாட்டுக்காரப் பெண் ஆட்களைக் கூப்பிட ஊருக்குள் ஓடினாள். ஊர்க்காவலன் வேன் மேலிருந்த லோடு கட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். இசக்கிப்பாண்டிக்கு என்ன பதில் சொல்வோம், மாரியாத்தா, இந்த ஒன்றையாவது விட்டுக் கொடு என்று வாய்விட்டு வேண்டினேன்.

முருகேஸ்வரி சட்டென்று கூப்பிடுவதை நிறுத்தினாள். எங்களையும் வாயை மூடச் சொன்னாள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டே, மரத்தடியில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, தன் பேரைக் கத்தினாள்.

“முருகேஸ்வரி!”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“பஞ்சம்மாள்!” என்றேன், தொண்டை கிழிய. அடுத்து பாலம்மாள். அதற்கடுத்தவள், அதற்கடுத்தவள். ஷெட்டில் உட்காரும் வரிசை பிசகாமல், எதிர்க்காற்றில், ஒவ்வொருத்தியும் தன் பேரைக் கடலைப் பார்த்துக் கத்தினோம். கடைசிக்கு முந்தின பேரும் வந்துவிட்டது. அப்புறம் அலைச் சத்தம் மட்டும்தான். என் வாழ்நாளில் அப்படி எதற்கும் நான் காத்துக் கிடந்ததில்லை.

“கற்பகவல்லி!”

மெலிசாகக் கேட்டது. பேர் சொல்லும்போது மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு சொல்லித்தான் பழக்கம். திரும்பினாள். திரும்பியவள் கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எங்களை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு திட்டுக்குத் திரும்பி ஏறினாள். இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியதும் ஒரு அலை அவள் தலைக்கு மேலே போனது.

முருகேஸ்வரி அதற்கு முன்பே தண்ணீரில் பாய்ந்திருந்தாள். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல்தான், அது கடலுக்கு எந்த மூலைக்கு? இரண்டு தடவை முங்கினாள். கயிற்றைப் பிடித்திருந்த எங்கள் உள்ளங்கை உரிந்தது. அவள் கையில் பிள்ளையின் பின்னல் சிக்கியது. பளபளச் சேலை கட்டிய அத்தனை பேரும் மணலில் விழுந்து எழுந்து இழுத்தோம். ஊர் ஆட்கள் வந்து சேருவதற்குள் இரண்டு பேரும் கரையில் கிடந்தார்கள்.

கற்பகவல்லி குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினாள். மூச்சு வந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

“ஏன் அத்தே எங்கம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டீக?”

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் போனேன். முருகேஸ்வரி என் கையைத் தட்டிவிட்டாள். சேலை, தலை எல்லாம் மணல், நின்று பேசத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி அடுக்கு, மாட்டிக்கொண்ட முந்தானை, தான் போட்ட அலறல், வேப்பமரத்திலிருந்து திரும்பி வந்த அருணா. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது ஊருக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

“இத்தன நாளா ஏன் சொல்லல?” என்றாள் பிள்ளை.

“சொன்னா என் மூஞ்சில முழிக்க மாட்டே. எம் பேச்சக் கேக்க மாட்டே. கேக்கலன்னா, ஒரு நாள் சத்தம் வந்தா ஓடாம நின்னுருவே.”

கற்பகவல்லி எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், வேனுக்கு நடந்தாள். கடைசி சீட்டில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தாள். துண்டு கொடுத்தோம், வாங்கவில்லை. டீ கொடுத்தோம், குடிக்கவில்லை. உயிரோடு வந்துவிட்டாள் என்று சந்தோஷப்படக்கூட எங்களுக்குப் பயமாக இருந்தது. இனி இவள் ஷெட்டுக்கு வருவாளா, வந்தாலும் முருகேஸ்வரி ஓடு என்றால் ஓடுவாளா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

டூரில் வண்டி எடுக்கும் முன்பும் பேர் சொல்லுவோம், ஆள் விட்டுப்போகாமல் இருக்க. அன்றைக்கு முருகேஸ்வரிக்குக் குரலே எழும்பவில்லை, ஆனாலும் தொடங்கினாள். நான் சொன்னேன். பாலம்மாள் சொன்னாள். வரிசையாகப் பின்னால் போய்க் கடைசி சீட்டில் நின்றது.

ஊர்க்காவலன் சாவியைத் திருகாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். முருகேஸ்வரி முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் நிஜம். எத்தனையோ வருஷமாக அவளைத் திட்டிக்கொண்டிருப்பவள் நான், அப்போது அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பின்னாலிருந்து அழுகையும் கோபமுமாகக் குரல் வந்தது.

“இனிமே என்னயக் கூப்பிடணும்னா எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அத்தே.”

முருகேஸ்வரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

கற்பகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் பேரைச் சொன்னாள். ஊர்க்காவலன் வண்டியை எடுத்தான்.