பதினொரு நிமிடக் காட்சி

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், விடியற்காலையில் நடக்கப்போன என் அக்காவின் கணவரை ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் பள்ளி ஆசிரியர். நம்பர் பிளேட் தெரியவில்லை என்று காவல் நிலையத்தில் கைவிரித்துவிட்டார்கள். எதிரே இருந்த கடைக்காரர்தான் தன் கேமரா பதிவை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். "உங்களால எதுனா எடுக்க முடியுதானு பாருங்க சார்" என்றார்.

நான் கல்யாண வீடியோக்கள் எடிட் செய்பவன். ஸ்கிரிப்ட், அதாவது வரிவரியாகக் கட்டளைகள், எழுதினால் அதன்படி படத்தைத் திருத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகக் காட்டும் பிரிவியூ மென்பொருள் ஒன்று இருப்பது தெரியும், பயன்படுத்தியதில்லை. செம்பாக்கத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து அதை நிறுவ உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அக்கா கோயிலுக்குப் போகவில்லை.

எளிதில் வரவில்லை. ஸ்கிரிப்டைப் படிக்கும் மென்பொருள் ஒரு பதிப்பு, பிரிவியூ ஜன்னல் வேறொரு பதிப்பு; ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து போட்டேன். பிறகு வீடியோவைத் திறக்கும் பிளக்-இன் என்ற துணை மென்பொருள் இல்லை என்றது. அதையும் தேடிப் போட்டு, கோப்பு இருக்கும் இடத்தை முதல் வரியில் சரியாக எழுதியபோது மதியமாகிவிட்டது. சட்டென்று சாலை தெரிந்தது.

வேனின் பின்பக்கத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்க ஒரு வரி, வெளிச்சம் கூட்ட ஒரு வரி. பிளேட் வெறும் வெள்ளைத் தீற்றலாகவே இருந்தது. மூன்றா எட்டா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கேமராவில் பதியாததை எந்த வரி எழுதியும் கொண்டுவர முடியாது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு வண்டி ஏதாவது பின்னால் வந்ததா என்று பார்க்கப் பதிவை மேற்கொண்டு ஓட்டினேன். மாமா கையைத் தூக்கினார். ஒரு பைக் ஒதுங்கிப் போனது. ஒரு ஆட்டோ வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போனது. மறுபடி கையைத் தூக்கினார். மூலையில் ஓடிய நேரத்தைக் கணக்கிட்டால், ஒருவர் வந்து குனிவதற்குப் பதினொரு நிமிடம்.

அடித்த உடனே உயிர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் அக்காவிடம் சொல்லியிருந்தோம்.

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். நான் பிரிவியூ ஜன்னலை மூடினேன்.

"நம்பர் தெரியுதாடா?"

"இல்லக்கா."

"அவரு... உடனேதானே?"

"உடனேதான்க்கா."

லேப்டாப்பை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். பிறகு சாப்பிட வா என்று தட்டை எடுத்து வைத்தாள். வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் நிலையத்தில் வழக்கை முடித்துவிட்டார்கள். அந்தப் பதிவைப் பற்றி அவள் இதுவரை என்னிடம் கேட்கவில்லை. நான் அதை இன்னும் அழிக்கவில்லை.