மூடியின் மேல் உட்கார்ந்த மத்தியானம்

மழை என்றால் எனக்குப் பயம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குச் சாலை மேல் சாலை போட்டு ஏற்றியதில், கடைசி வீடான எங்கள் வீடு பள்ளத்தில் போய்விட்டது. கொஞ்சம் பெய்தாலும் தெருவில் தண்ணீர் நிற்கும். உடனே எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கடப்பாரையோடு வந்து நடுத்தெருவில் இருக்கும் சாக்கடை மூடியை நெம்பித் திறப்பார். எங்கள் தெருவில் அது ஒரு வழக்கம். தண்ணீர் சுழன்று உள்ளே இறங்கும், எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். சற்று நேரத்தில் அதே தண்ணீர், கழிவையும் கூட்டிக்கொண்டு எங்கள் கக்கூஸ் வழியாக மேலே வரும். ஆட்டோக்காரர் கெட்டவர் இல்லை. பிறகு விளக்குமாறும் பினாயிலும் எடுத்து வந்து என்னோடு கழுவுபவரும் அவர்தான். அதனாலேயே அவரைத் திட்டவும் முடியாமல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில் அப்படி வந்தபோது எங்கள் கைக்குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளிக்குக் கீழே என்னென்ன மிதந்தது என்று எழுத மனமில்லை. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வியாசர்பாடியில், மூன்றாவது மாடியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"புள்ள தவழப் போவுது. இந்தத் தரையில உடமாட்டேன். இத்த சரி பண்ணு, வரேன்" என்று போனில் சொன்னாள். தெருவுக்கு அடியில் ஓடுவதை நான் எப்படிச் சரி பண்ணுவது?

கோடையில் அரசாங்க ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள். மழைத் தண்ணீருக்கு ஓரத்தில் தனிக் கால்வாய், கழிவுக்கு நடுவில் புதுக் குழாய்.

"இனிமே ரெண்டும் ஒண்ணு மூஞ்சியில ஒண்ணு முழிக்காது" என்றார் மேஸ்திரி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் வாசலில் போட்டிருந்த பலகையில் நின்று குழிக்குள் எட்டிப் பார்த்து, எப்போது முடியும் என்று கேட்டு அவர் உயிரை வாங்கினேன். மனைவி அனுப்பிய வீடியோவில் பிள்ளை தவழத் தொடங்கியிருந்தாள்.

வேலை முடிந்தபின் வந்த முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்துக்கொண்டது. கக்கூஸ் கதவைத் திறந்து வைத்துப் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கடப்பாரை தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வாசலில் கட்டியிருந்த தடுப்புச்சுவர்தான் அதை வீட்டுக்குள் விடாமல் நிறுத்தியிருந்தது. ஆட்டோக்காரர் மூடியைத் தேடி இங்கும் அங்கும் குத்திக்கொண்டிருந்தார். தினமும் எட்டிப் பார்த்ததில் மூடி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எனக்கு என்ன தோன்றியதோ, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போய் மூடியின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மாமு, நடு ரோட்ல குந்திகினு கீற? எந்திரி. மூடியத் தூக்குனா தண்ணி பூடும்."

"தூக்குனா என் வூட்டுக்குள்ள வரும் நைனா."

"அதான் புது பைப்பு போட்டாச்சே?"

"மழைத் தண்ணிய இதுல உட்டா புது பைப்பு மட்டும் இன்னா பண்ணும்?"

"அப்போ இந்தத் தண்ணி எங்கதான் போவும்?"

கையை நீட்டி ஓரத்தைக் காட்டினேன். ஓரக் கால்வாயில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. மாடிகளில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எம் பொண்ணு வூட்டுக்கு வரணும்யா" என்று கத்திவிட்டேன். சிரிப்பு நின்றது.

ஆட்டோக்காரர் மூடியை விட்டுவிட்டார். பிறகு கடப்பாரையோடு ஓரத்துக்குப் போய், கால்வாய்க்குத் தண்ணீர் இறங்கும் ஓட்டையில் குத்தினார். குனிந்து தோள்வரை கையை விட்டு இழுத்தார். வேலைக்காரர்கள் விட்டுப்போன சிமெண்ட் சாக்கு வந்தது, அதன் பின்னால் கெட்டியாக ஜல்லியும் மண்ணும்.

"பேஜாரு புடிச்சவனுங்க, அடைச்சிட்டுப் பூட்டானுங்க" என்றபடி அடுத்த ஓட்டைக்குப் போனார். தண்ணீர் ஓரமாக நகரத் தொடங்கியது. தெருவின் தார் தெரியும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

உள்ளே ஓடிப் பார்த்தேன். பீங்கானில் வழக்கமாக நிற்கும் தண்ணீர்தான் நின்றது. தரை காய்ந்து கிடந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"கக்கூஸ்ல தண்ணி மேல வரலியா?" என்று கேட்டாள்.

"வரல."

போனில் பின்னால் பிள்ளை எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னொரு மழை பாத்துட்டு வரேன்" என்றாள்.

சுருக்கென்றது. ஆனால் தூளிக்குக் கீழே பார்த்தவள் அவள். அவள் சொன்னதில் தப்பில்லை. வாசலுக்கு வந்தேன். வானம் வெளுத்திருந்தது. மழை என்றாலே பயப்படுகிற நான், எண்ணூர்ப் பக்கம் எங்காவது கறுத்திருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். நாற்காலி நடுத்தெருவில் மூடியின் மேலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.