நாலு பாகையில் இறால்

மருந்தாளர் ஹுஸ்னியா தன் கல்யாண வீட்டிலேயே புரியாணிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தவள் என்று நிலாவெளியில் ஒரு கதை உண்டு. அது பொய். விட்டது இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்துக்குள்.

யோகலிங்கத்தின் பார்மசியில் அவள் சேர்ந்து ஆறு வருடமாகிறது. ஒருநாள் அவர் மருந்து பிரிட்ஜுக்குள் தன் மோர்ப் போத்தலை வைத்தார். அவள் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இன்சுலினுக்குத் துணை தேவையில்ல ஐயா."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த பிரிட்ஜ் நின்றுபோனது. திருத்துபவர் அடுத்த நாள்தான் வருவாராம். ஹுஸ்னியா இருபத்தாறு இன்சுலின் குப்பிகளை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஐஸ் பொதிகளைத் துணியால் சுற்றி வைத்தாள். மூடியின் உட்புறம் தன் போன் நம்பரை எழுதினாள். டவுனில் பார்மசி வைத்திருக்கும் சிநேகிதி பஸ்னாவின் பிரிட்ஜில் வைக்கலாமென்று பஸ் ஏறினாள். கொண்டக்டர் பெட்டியை வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

சாம்பல்தீவில் ஓர் இளைஞன் அதே மாதிரிப் பெட்டியோடு ஏறினான். அதுவும் டிரைவருக்குப் பக்கத்திலேயே போனது. அவன் டவுனுக்கு முன்னமே இறங்கிவிட்டான்.

பஸ்னாவின் கடையில் பெட்டியைத் திறந்தபோது, உள்ளேயிருந்து ஐந்து கிலோ இறால் மீசையோடு பார்த்தது.

பஸ்னா கதிரையில் இருந்து சிரித்தாள். ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவருடைய இறால். கெட்டுப்போக விடலாமா? பஸ்னாவிடம் வெப்பமானி வாங்கி இறாலுக்குள் வைத்தாள். அரை மணிக்கொருமுறை ஐஸ் மாற்றி, பாகையைக் கொப்பியில் எழுதினாள்.

பின்னேரம்தான் போன் வந்தது.

"மிஸ், நான் துவாரகன். அக்காட மகள் பெரியபிள்ளையாகி இண்டைக்குச் சாமத்திய வீடு. இப்பதான் சமைக்கத் திறந்தம். உள்ளுக்கு குப்பி. என்ர இறால்?"

"நாலு பாகையில இருக்கு. என்ர மருந்து?"

"பயப்பிடாதேங்கோ மிஸ். வந்த உடனயே பெட்டியோட டீப் பிரீசருக்குள்ள வச்சனான். கல்லு மாதிரி இருக்கு."

ஹுஸ்னியா பாகை எழுதிய கொப்பியை மூடினாள்.

குப்பிகளை அவன் பஸ்னாவின் கடைக்கே பயபக்தியோடு கொண்டுவந்து தந்தான். இறாலைப் பார்த்ததும் மூக்கருகே கொண்டுபோனான். "பிடிச்ச நேரம்கூட இப்பிடி இருக்கேல்ல."

நிலாவெளிக்குத் திரும்பியதும் யோகலிங்கம் குப்பியொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இளகினா சரிதானே பிள்ளை?"

"இது ஐஸ்பழம் இல்ல ஐயா. ஒருக்கா உறைஞ்சா ஏலாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது. போட்ட ஆளுக்குச் சீனி ஏறிப்போகும்."

அவர் பெருமூச்சு விட்டார், ஆனாலும் தலையாட்டினார். இருபத்தாறையும் அழிக்க ஒதுக்கினார்கள். அடுத்த நாள் பிரிட்ஜ் சரியானது, புது இன்சுலினும் வந்தது. ஊசி தவறாமலிருக்க, வெள்ளிக்கிழமையே மருந்து வேண்டியிருந்த இரண்டு பேருக்கு ஹுஸ்னியா டவுனிலிருந்து திரும்பும்போதே பஸ்னாவின் கடையில் வாங்கி வந்திருந்தாள்.

அழித்த மருந்துப் பதிவில் காரணம் எழுதும் இடத்தில் அவள் "இறாலோடு மாறியது" என்று எழுதினாள். கையெழுத்து வைக்கப்போன யோகலிங்கம் பேனாவை நிறுத்தினார்.

"இன்ஸ்பெக்டர் வாசிப்பார் பிள்ளை. 'போக்குவரத்துத் தவறு' எண்டு போடுவமே?"

"இறால்தானே ஐயா நடந்தது."

அவர் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை துவாரகன் கடைக்கு வந்து வெப்பமானி ஒன்று கேட்டான். மீனுக்கா ஆளுக்கா என்று ஹுஸ்னியா கேட்டாள்.