லேபுக்குப் பூட்டு, ஃபைலுக்கு?

இன்று எங்கள் தாம்பரம் கல்லூரியில் எல்லாத் துறை மாணவர்களுக்குமான சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பை ஒருவழியாகத் தொடங்கிவிட்டேன். நான் வரலாறு நடத்துகிறவள். கம்ப்யூட்டர் துறைத் தலைவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

“பாட்டனி பசங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? அதுல நெறிமுறைன்னு ஒரு பாடம் வேற” என்றார்.

மாணவர்களோடு செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி லேபுக்குள் போனோம். துறைத் தலைவர் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று சொல்லி, அதைப் போர்டிலேயே எழுதிப்போட்டார்.

குன்றத்தூரிலிருந்து வரும் தாவரவியல் மாணவி எழுந்தாள்.

“சார், என் ஃபைலை யாராவது அழிச்சிட்டா, யாருன்னு எப்படித் தெரியும்?”

“நம்ம பசங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கம்மா.”

“அப்போ இந்த ரூமுக்கு எதுக்கு சார் பூட்டு?”

அவர் போர்டில் எழுதியதை மெதுவாக அழித்தார்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம், “அடுத்த வாரமும் வருவீங்களா மேடம்?” என்றார்.

“வருவோம் சார். தமிழ்த் துறையும் சேர்ந்து வருது.”

இதைச் சிட்லபாக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வேறு கல்லூரிகளில் பாடம் நடத்தும் உங்களுக்கு அனுப்புகிறேன். எனக்கு முன்னால் இதே கம்ப்யூட்டரில் இருந்தவர் தன் மெயிலை மூடாமலே போயிருக்கிறார். படிக்காமல் மூடிவிட்டேன். அவர் என்ன படித்தவரோ தெரியவில்லை. எதுவானாலும் சனிக்கிழமை வகுப்பில் இடமிருக்கிறது.

உங்கள் கல்லூரியில் பூட்டு கதவோடு சரியா?