டீச்சரின் இடது முன்கால்

புலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டுத்தான் மிருகக்காட்சிசாலைக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகத் தேர்வில், "பயமா இருக்காதா?" என்று கேட்டார்கள். "பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது சார்" என்றேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு குளவி உள்ளே வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் குளம்பு விலங்குகள் பிரிவில் போட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மான், ஒட்டகம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் என் பொறுப்பு. வேலையில் முக்கால் பங்கு சாணம் அள்ளுவது. மிச்சம், சாணம் வேறு எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடுவது.

எங்கள் பிரிவுக்குப் பலகை எழுதிய பெயின்டர் ஓர் எழுத்தை மாற்றி "குழம்பு விலங்குகள்" என்று எழுதிவிட்டார். பல வருடம் அப்படியே இருந்தது. அதை முதல் தடவை பார்த்த என் மனைவி, "குழம்பிப் போனது விலங்கா, நீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய தம்பி வங்கியில் வேலை பார்க்கிறவன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, இன்னிக்கு எத்தன கூடை?" என்பான். நானும் வெட்கமில்லாமல் எண்ணிக்கை சொல்வேன்.

டீச்சர் எங்கள் ஒட்டகச்சிவிங்கி. பதிவேட்டில் வேறு பெயர் உண்டு, யாருக்கும் நினைவில்லை. நீண்ட இமைகளுக்குக் கீழே, அவ்வளவு உயரத்திலிருந்து, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். எனக்கு அவள்மேல் தனிப் பாசம். அந்தப் பாசத்தில், விதிப்படி போட வேண்டிய வைக்கோலைப்போல இரண்டு மடங்கு போட்டேன். கொட்டகையில் மட்டுமல்ல, அவள் உலாவும் முற்றத்திலும். இரண்டு மழைக்காலம் அவளை மெத்தையில் நடக்கவிட்டேன். இவ்வளவு அக்கறையான பணியாளன் உலகத்தில் எவனாவது உண்டா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டதும் உண்டு.

பிறகு புதிதாக ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் டீச்சரின் நடையையே பார்த்தார்.

"இடது முன்கால சரியா ஊனமாட்டேங்குதே, கவனிச்சீங்களா?"

"அதோட நடையே அப்படித்தான் டாக்டர். கொஞ்சம் ஸ்டைலா நடக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். குளம்பின் முன்பக்கம் நீண்டு, மேல்நோக்கி வளைந்து கிடந்தது.

"குளம்பு நம்ம நகம் மாதிரி, வளர்ந்துக்கிட்டே இருக்கும். கெட்டித் தரையில நடந்தாத்தான் தேயும். இங்க தரையே கண்ணுல படலையே. யாரு இவ்வளவு வைக்கோல் போட்டது?"

அங்கே பணியாளர்கள் மூன்று பேர் இருந்தோம். மற்ற இருவரும் வானத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன்.

"எதுக்குப் போட்டீங்க?"

"கால் வலிக்குமேன்னு..."

அவர் என்னைத் திட்டவில்லை. "இப்பத்தான் வலிக்குது" என்றார், அவ்வளவுதான். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மயக்க ஊசி போட்டுக் குளம்பைச் செதுக்கலாம். ஆனால் அவ்வளவு உயரமான உடம்பு சரிந்து விழுந்தால் கழுத்து என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மயங்கினது எழுந்திருக்காமலே போகலாம். இன்னொரு வழி, அவளாகவே காலைக் கட்டைமேல் தூக்கி வைக்கும்படி பழக்குவது. "யாரு பழக்குறது?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். "மெத்தை போட்டவரே பண்ணட்டும்" என்றார் டாக்டர்.

ஒரு விசில், ஒரு வாளி நிறையக் கேரட், ஒரு கனத்த மரக்கட்டை. கம்பிக் கதவின் கீழ் இடைவெளியில் கட்டையை வைத்துவிட்டு நான் வெளிப்பக்கம் நிற்க வேண்டும். அவள் சரியாகச் செய்தால் விசில் ஊதிக் கேரட் கொடுக்க வேண்டும். முதல் மாதம் அவள் கேரட்டை மட்டும் பார்த்தாள். சொன்னால் புரியவில்லையோ என்று நானே கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலைக் கட்டைமேல் தூக்கி வைத்துக் காட்டினேன். நிமிர்ந்தால் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது வாரம் குளம்பின் நுனி கட்டையில் பட்டது. நான் ஊதிய விசிலில் பக்கத்து அடைப்பிலிருந்த மான்கள் சிதறி ஓடின. அதற்குள் பழக்கம் எனக்குத்தான் நன்றாகப் படிந்திருந்தது. ஒருநாள் காலையில் மனைவி டீயை மேசைமேல் வைக்க, சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஊதி, "நல்ல பொண்ணு" என்றுவிட்டேன். அவள் அசையாமல் நின்று, "அப்படியே கேரட்டையும் குடுத்துருங்க" என்றாள்.

மூன்று மாதம் கழித்து, அரம் வைத்து ராவும் நாள் வந்தது. கண்காணிப்பாளரும் பார்க்க வருகிறார் என்றதும் மனைவி என் சீருடையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து, தன் தம்பியின் சென்ட்டையும் தெளித்து அனுப்பினாள். மாப்பிள்ளைபோலப் போய் நின்றேன். டீச்சர் மேலிருந்து மூக்கை இறக்கினாள், மோந்தாள், கழுத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்கே போய்விட்டாள். விசில் ஊதினேன். கூப்பிட்டேன். கெஞ்சினேன். சுவரைப் பார்த்து நின்றாள்.

"மூணு மாசமா இதத்தான் பழக்குனீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

டாக்டர் என் அருகில் வந்து மூக்கைச் சுருக்கினார். "என்ன போட்டுட்டு வந்திருக்கீங்க? போய் உங்க பழைய சட்டைய மாட்டிட்டு வாங்க."

தீவன அறையில் வாளி துடைக்க வைத்திருந்த பழைய சட்டையை உதறி மாட்டிக்கொண்டு வந்தேன். கண்காணிப்பாளர் மூன்றடி பின்னால் போனார். டீச்சர் மூன்றடி முன்னால் வந்தாள். கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது முன்காலைத் தூக்கி வைத்தாள்.

டாக்டர் ராவ ஆரம்பித்தார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. நான் கேரட் நீட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு துண்டையும் அவள் நாக்கு என் விரலைச் சுற்றிக்கொண்டு எடுத்தது. ஏழு நிமிடம். நான் செய்த தப்பைப் பொறுத்துக்கொண்டு ஒரு பெரிய பிராணி என் முன்னால் ஏழு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு தானே காலை எடுத்துக்கொண்டது. "இன்னும் நாலு தடவ இப்படிப் பண்ணா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு கட்டையைத் தூக்கி என் காலிலேயே போட்டுக்கொண்டேன். இரண்டு விரல் முறிந்தது.

மருத்துவமனையில் நர்ஸ், "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, "ஒட்டகச்சிவிங்கி" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

"மிதிச்சிருச்சா?"

பெருமூச்சு விட்டேன். அவரும் எழுதிக்கொண்டார். அதற்குள் விஷயம் தெரிந்து மனைவி வந்து சேர்ந்தாள். "மிதிக்கவும் இல்ல, ஒதைக்கவும் இல்லம்மா. கட்டைய இவரே கால்ல போட்டுக்கிட்டாரு." நர்ஸ் எழுதியதை அடித்தார்.

மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தபோது மைத்துனன் பார்க்க வந்தான். கூடைக் கணக்கு கேட்பான் என்று பயந்து, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த அறையில் மனைவியின் குரல் கேட்டது: "அது வீட்டுக் கூரையவிட ஒசரமா நிக்குது. இவரு சொன்னா கால நீட்டுதுடா. நீ சொல்லி உன் பையன் என்னிக்காவது கேட்டிருக்கானா?" நான் கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான். நான் இல்லாமல் இரண்டாவது தடவை ராவுவது எப்படி நடக்கும் என்று கவலையோடு டாக்டருக்குப் போன் செய்தேன். "முடிஞ்சிருச்சே! உங்க சட்டைய இன்னொருத்தருக்கு மாட்டிவிட்டோம். ஒடனே கால தூக்கி வச்சிருச்சு" என்றார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பாதி முற்றத்து வைக்கோலை நானே வாரி எடுத்து, சரளைக்கல் கொட்டிப் பரப்பினேன். ஐந்தாவது முறை ராவி முடித்த பிறகு டீச்சர் நாலு காலையும் ஒழுங்காக ஊன்றி நடந்தாள். ஸ்டைல் போய்விட்டது. நடை வந்துவிட்டது.

இப்போது வரிக்குதிரையையும் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதமாகிறது. இதுவரை இரண்டு விசிலைக் கடித்துத் துப்பியிருக்கிறது.