தேவகி போட்ட வளைகோடு

தேவகிக்குப் பகலிலேயே கனவு வரும். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சங்கத்தின் பட்டு நூல் கிடங்கில் அறுபத்தொன்பதாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தாள். சன்னலுக்கு வெளியே சாயம் ஏற்றிய நூல் காயும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

அவள் கண்ணில் இரண்டு கோடுகள் மிதந்தன. பெங்களூரிலிருந்து ஒரேயடியாக நிறைய நூல் தருவித்தால் லாரிச் செலவு குறையும். ஆனால் சங்கத்தின் பணம் கிடங்கிலேயே முடங்கும், நூலும் நாள்பட்டுப் பழுதாகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தருவித்தால் முடக்கம் குறையும், லாரிச் செலவு ஏறும். இரண்டையும் கூட்டினால் தூளி மாதிரி நடுவில் தாழ்ந்த ஒரு வளைகோடு வரும். அந்தத் தாழ்வில்தான் தருவிக்க வேண்டிய அளவு இருந்தது. கல்லூரியில் வெறும் சூத்திரமாக இருந்தது, இங்கே பட்டின் பளபளப்போடு அசைந்தது.

செயலாளர் குமாரசாமியிடம் வரைந்து காட்டினாள்.

“அழகாத்தான் இருக்குதும்மா. செஞ்சி பாப்போம்” என்றார்.

கோடை முழுக்க நன்றாகவே நடந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாலை அறுபட்டு, நூல் லாரி வழியிலேயே நின்றது. தறியில் பாவு இருந்தது, குறுக்கே ஓட்ட ஊடை நூல் இல்லை. வீடு வீடாகத் தறிச் சத்தம் அடங்கியது.

“முன்ன மாதிரி மொத்தமா வாங்கி வெச்சிருந்தா இப்படி ஆவுமா?” என்று கிடங்கு வாசலில் கேட்டார்கள். தேவகி தலை குனிந்தாள். கணக்கில் மழைக்கு இடம் வைக்காமல் விட்டிருந்தாள்.

வீட்டில் அவள் அப்பா கலியாணசுந்தரம் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். உள்ளே பச்சை நூல்.

“சங்கத்துல குடுத்த நூல்ல மிச்சம் பிடிச்சது. எல்லார் வீட்லயும் இருக்கும். வெளிய சொன்னா சங்கத்துல கேள்வி கேப்பாங்கன்னு பயம். என் தறிக்கு வேணுங்கிறது அரக்குக் கலரும்மா.”

தேவகிக்குச் சட்டென்று புலப்பட்டது. கிடங்கு காலியாகவில்லை, தெரு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

அந்த நூலைத் திரட்டி, நிறம் பார்த்து வேண்டிய தறிக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று தேவகி சொன்னதும், யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று குமாரசாமி வாக்குக் கொடுத்தார். சங்கத்து வேன் கிளம்பியது. ஒரு தெருவுக்கு இரண்டு முறை போகாதபடி தேவகி பாதை போட்டிருந்தாள்.

முதல் வீட்டில் கங்கையம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள். “எடுத்துக்கினு போனா திரும்பி வருமா?”

“லாரி வந்ததும் முதல் நூல் உங்களுக்குத்தான் அத்தே.”

கங்கையம்மாள் உள்ளே போய் ஒரு கை அரக்கு நூலோடு வந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் திறந்தன.

தூறலில் வேன் ஊர்ந்தது. தேவகியின் மடியில் கத்தரிப்பூ நிறம், காலடியில் மாம்பழ மஞ்சள். நனைந்த கண்ணாடிக்கு அப்பால் தெருவே தண்ணீரில் மிதந்தது.

“கண்ணத் தொறந்துக்கினே தூங்குறியாம்மா?” என்றார் டிரைவர் முனிரத்தினம்.

“அடுத்த சந்துல திரும்புங்கண்ணே. அங்கதான் மஞ்சள் கேட்டாங்க.”

அவர்கள் கடந்து வந்த வீடுகளில் தறிகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. வெள்ளம் வடிந்து லாரி வரும்வரை அந்தச் சத்தம் ஓயவில்லை. வாங்கிய நூலுக்கு ஈடாகப் புது நூல் அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. மழை மாதங்களுக்கென்று கூடுதல் இருப்பைச் சேர்த்து தேவகி புதுக்கணக்கு போட்டாள்.

சில வருஷம் கழித்துச் சங்கம் இரண்டாவது வேன் வாங்கியது. முதல் ஓட்டத்தில் மாகறல் கிராமத்துத் தறிகள் வரைக்கும் அவளும் போனாள். இருபுறமும் நெற்கதிர் சாய்ந்திருந்தது. மூன்றாவது வேன் எந்த வருஷம் தேவைப்படும் என்று யோசித்தபடியே, திரும்பும் வழியில் தூங்கிப்போனாள்.